பின்சில்லு

ஆறு கிழமைக்கொருக்கால் இறுகும்.
இடது பின்சில்லு. எப்போதும் இடதுதான்.
கிரிம்ஸ்பித் துறைமுகத்து உப்பு ஒன்று,
தை மாதம் தெருவில் லொறி கொட்டிப் போகும் உப்பு ஒன்று,
மீன்பெட்டி ஐஸ் உருகி அச்சில் வடிவது
கணக்கிலேயே வராது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகருமாம்.
சொன்னவருக்கு இருபத்தேழு வயது ஹைலக்ஸின்
பிரேக் ட்ரம்மோடு பழக்கமில்லை.
அடித்தேன். சுத்தியலின் பிடிதான் கழன்றது.
இருக்கிற இரண்டு துளையில் இரண்டு போல்ட் ஏற்றி
இதை அரைச்சுற்று, அதை அரைச்சுற்று,
கடைவாய்ப் பல்லுப் போல அசைத்து அசைத்து
பொத்தென்று மடியில் வாங்கினேன்.

உள்ளே கருந்தூள்.
கசிந்த சிலிண்டரின் ஈரம்.
இன்னதென்று பெயர் தெரியாத ஒரு கம்பி.
ஒரு ஸ்பிரிங் பறந்து
மோரினின் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது.
நாளைக்குத் தேடலாம் என்று விட்டேன். தேடவில்லை.
அன்றிரவே டிஸ்க் செட்டுக்கு ஓடர் கொடுத்தேன்.

டிஸ்க் என்றால் ஒளிவு மறைவில்லை.
பாட் எத்தனை மில்லி மிச்சம் என்று
சில்லின் இடைவெளியால் எட்டிப் பார்த்தே சொல்லலாம்.
மாற்ற இரண்டு போல்ட், இருபது நிமிஷம்.
மூடிக்கொண்டு உள்ளுக்குள் தேயாத எதுவும்
இந்த வருஷம் எனக்குப் பிடித்திருந்தது.

ஏனென்று நெவிலுக்குத் தெரியும்.
தன் ஒன்றுவிட்ட தமையனின் கடனுக்கு
என்னைக் கேளாமல் போட்ட கையெழுத்து.
வங்கிக் கடிதம் வந்துதான் நான் அறிந்தது.
பதினொரு நாளாக வீட்டில் கதை இல்லை.
'சாவி எங்க.' 'பால் முடிஞ்சுது.'
அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பெட்டி வந்தது.
புதுத் தட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
நடுவில் தொப்பி போல ஒரு மேடு.
அதற்குள்ளே உட்கார
இரண்டு குட்டி லைனிங், குட்டி ஸ்பிரிங்,
பெயர் தெரியாத அதே கம்பி, சின்னதாக.
ஹாண்ட்பிரேக்குக்காம்.
ஓடுவதை நிறுத்தத் தட்டு.
நின்றதை நிற்கவைக்க, திரும்பவும் ட்ரம்.
முற்றத்தில் தனியாக இருந்து சிரித்தேன்.
மோரின் திரையை விலக்கிப் பார்த்தாள்.

சனிக்கிழமை இருட்டும்போது எல்லாம் பூட்டியாயிற்று,
குழாயில் காற்று எடுப்பது மட்டும் மிச்சம்.
அதற்கு இரண்டு பேர் வேண்டும்:
மேலே ஒரு கால், கீழே ஒரு கை.
என் வீட்டு ஜன்னலை நானே தட்டினேன்.
சாரத்துக்கு மேல் குளிர்ச்சட்டையோடு வந்து ஏறி இருந்தான்.

'அமத்து.'
'அமத்திட்டன்.'
'பிடி.'
'பிடிச்சிருக்கிறன்.'
ஜாம் போத்தலுக்குள் குமிழி, குமிழி,
பழைய எண்ணெய் தேநீர் நிறத்தில்.
நிப்பிளை இறுக்கிவிட்டு, 'விடு.'
ஒவ்வொரு முறையும்
நான் சொல்லும்வரை அவன் விடவில்லை.
ஒருமுறை வேணுமென்றே தாமதித்தேன்.
கால் நடுங்கியிருக்கும். ஒன்றும் கேட்கவில்லை.

திங்கள் விடிய, முந்நூறு கிலோ மீனோடு
கேஸ்டர் ஏற்றத்தில் நிறுத்தி
ஹாண்ட்பிரேக்கை இழுத்துக் காலை எடுத்தேன்.
ஒரு சாண் பின்னால் போய்
யோசித்து
நின்றது.
'காணாது,' என்றான்.
'ஓம், காணாது.'

மேலே சமதரையில் ஜாக் வைத்துச் சில்லைக் கழற்றினோம்.
டோர்ச்சைப் பிடித்தபடி,
'அந்தக் கையெழுத்து...' என்று தொடங்கினான்.
'ஆடாமல் பிடி.'
தட்டில் ஒரு துளை, விரல்நுனி அளவு.
அதற்குள்ளால் ஸ்க்ரூட்ரைவரை விட்டு
பல்லுப் பல்லாகத் தள்ளவேண்டும்.
வெளிச்சம் உள்ளே போகாது.
காதை வைத்துத்தான்.
ஐந்து. ஆறு.
'தொடங்கினதைச் சொல்லு,' என்றேன்.
ஏழு.
எங்கேயோ மெல்ல உரசத் தொடங்கியது.